அண்ணாச்சி விசாரிக்கச் சொன்னார்

ஆங்கிலத்தில் வார்த்தை நீளமாக இருந்தால் மரியாதையும் கூடும் என்று பத்தொன்பது வயதில் நான் நம்பினேன். (கான்வென்ட்டில் படித்தால் வருகிற வியாதி.)

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து, பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு டெலிபோன் எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. ஒருநாள் அவர், "கணக்கு வேலைக்கு மனு குடுத்துட்டுப் போனானே பாஸ்கர், அவனை விசாரிக்கணும். நாளைக்குக் காலையில வரச் சொல்லும்மா" என்றார்.

பாஸ்கர் வீட்டில் போன் கிடையாது. சைதாப்பேட்டையில் அவன் வீட்டுக்குக் கீழே இருந்த மருந்துக்கடையில்தான் தகவல் சொல்ல வேண்டும். 'இன்டர்வியூ' என்றிருக்கலாம். அது எனக்கு ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. "மிஸ்டர் பாஸ்கரை நாளை இன்டராகேஷனுக்கு வரச் சொல்லுங்கள்" என்று கம்பீரமாகச் சொல்லி போனை வைத்தேன்.

மறுநாள் பாஸ்கர் தனியாக வரவில்லை. கூடவே அவன் அம்மா. சைதாப்பேட்டை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த மாமா.

"இன்டராகேஷன்னா இன்னான்னு எனக்குத் தெரியும் சார்," என்றார் மாமா. "ஸ்டேஷன்ல குந்தவெச்சுக் கேக்கறது. பையன் மனு குடுத்தான், போனான். உங்க கடையில இன்னா காணாப் போச்சு?"

அண்ணாச்சி திகைத்தார். "ஒண்ணும் போகலியே! வேலை குடுக்கத்தான்வே கூப்பிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ என்னத்தச் சொல்லித் தொலைச்ச?"

சொன்னேன். கடையே சிரித்தது. பாஸ்கரின் அம்மா மட்டும் ஜமுக்காளக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதார். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லையாம். எனக்கு இன்டர்வியூவும் இன்டராகேஷனும் அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் வருகிற இரண்டு வார்த்தைகள். அவர்களுக்கு அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு லாக்கப் இருந்தது.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் பேரு இன்னாம்மா? எங்கேர்ந்து வர்றே? காலையில சாப்ட்டியா?"

அதுவும் விசாரிப்புதான். அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேட எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்கருக்கு வேலை கிடைத்தது. எனக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்ற பட்டம் கிடைத்தது. கடையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. பட்டம் என்னை விடவில்லை. எனக்கு யாராவது போன் செய்தால் என் மகள் இன்றைக்கும், "ஒரு நிமிஷம், இன்ஸ்பெக்டரம்மாகிட்ட குடுக்கறேன்" என்கிறாள். (புதிதாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள்.)