முகூர்த்தத்துக்கு நைலான்

நான் ரொம்பப் புத்திசாலி என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது என் கல்யாணத்தன்று காலை ஏழரை மணியோடு முடிந்தது.

அப்போது நான் ஸ்கூல் பை தைக்கும் கம்பெனியில் டெய்லர். நைலான் துணி என்றால் எனக்கு உயிர். கசங்காது, லேசில் கிழியாது, நனைந்தால் உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ஊருக்கே பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன் (கேட்டவர்கள் சொந்தக்காரர்கள், பாவம், ஓட முடியாது). கல்யாணத்துக்கு அங்கவஸ்திரத்தையும் பைக்கு உள்துணியாகப் போடும் சந்தன நிற நைலானில், ஜரிகை பார்டர் வைத்து நானே தைத்துக்கொண்டேன். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம் மாவட்டத்தில் இப்படியும் ஒரு மாப்பிள்ளை.

பெண் தேவகிக்கு ஊர் ஐயங்கார்குளம். ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து, தன் சம்பளத்தில் எடுத்த அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். அதுதான் அவளுக்கு முதல் பட்டு. உட்காரும்போதுகூட அதற்கு வலிக்காமல் உட்கார்ந்தாள்.

உத்திரமேரூர் சத்திரத்தில் தாலி கட்டியாயிற்று. அவள் முந்தானையையும் என் அங்கவஸ்திரத்தையும் முடிச்சுப் போட்டு, மணவறையைச் சுற்றச் சொன்னார்கள். முதல் சுற்றிலேயே முடிச்சு அவிழ்ந்தது. நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது (இந்தக் குணத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை). என் அக்கா செல்வி இறுக்கிப் போட்டாள். இரண்டாம் சுற்றிலும் அவிழ்ந்தது. சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குள் இருந்த டெய்லர் விழித்துக்கொண்டான். கம்பெனியில் நைலான் முனை பிரியாமல் இருக்க நெருப்பில் லேசாகக் காட்டுவோம், உருகி ஒட்டிக்கொள்ளும். முடிச்சை நானே போட்டு, குனிந்து, குத்துவிளக்குச் சுடரில் ஒரு நொடி காட்டினேன். நைலான் உருகியது. கூடவே முடி கருகும் வாசனை வந்தது. நைலானுக்கு அந்த வாசனை கிடையாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பட்டுக்கு உண்டு.

சுற்றி முடித்தோம். முடிச்சு அசையவில்லை. எங்கள் வழக்கத்தில் அதை நாத்தனார்தான் அவிழ்க்க வேண்டும், அதுவரை துணியைத் தோளிலிருந்து எடுக்கக் கூடாது. செல்வி நகத்தால் முயன்றாள், பல்லால் முயன்றாள், கடைசியில் ஹேர்பின்னாலும் முயன்றாள்.

"இன்னாடா பண்ணி வச்சிகீற? கல்லு மாரி கீது" என்றாள்.

அப்படியே பந்தியில் உட்கார்ந்தோம். அப்படியே போட்டோவுக்கு நின்றோம். நான் கை கழுவ எழுந்தால், பாதிச் சாப்பாட்டில் தேவகியும் எழுந்து வரவேண்டியிருந்தது. மத்தியானம் ஒருவழியாகக் கத்தரிக்கோல் வந்தது. என் துணியை வெட்டச் சொன்னேன். வெட்டியதும் அவள் முந்தானையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி தங்கிவிட்டது. சுற்றிலும் பட்டு கருகியிருந்தது. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை என்பதையும் மறந்து, அத்தனை பேர் எதிரில் அழுதுவிட்டேன். வேறு பட்டு எடுத்துத் தருகிறேன் என்று விக்கி விக்கிச் சொன்னேன்.

தேவகி அந்தக் கட்டியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அவுறக் கூடாதுன்னுதான பண்ணீங்க. இது இப்டியே இருக்கட்டும்."

தாலி கட்டும்போதுகூட எனக்கு உள்ளூரப் பயம்தான். அதைக் கேட்ட பிறகுதான் இவளோடு நன்றாக இருப்பேன் என்று தைரியம் வந்தது.

பதினாறு வருடம் ஆகிறது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் தேவகி அந்தப் புடவையைத்தான் கட்டுவாள். கட்டியைக் காட்டிக் காட்டி அவள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பந்தி முடிந்துவிடும். மணமக்களுக்கு முடிச்சுப் போடும் நேரம் வந்தால், "மாமாவ வெளக்காண்ட வுடாதீங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். உடனே எனக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி விழும். போன மாதமும் விழுந்தது. தேவகி பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முந்தானையை என் கையில் திணித்தாள்.

"இத்தப் புடிச்சிக்கினு சும்மா குந்துங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.