ஆடு தொடாத செடி

ஆலைத் தொழிலாளிகளுக்காக முப்பது வருடம் கொடி பிடித்தவர் அவர். மூன்று முறை சிறை சென்றவர். ஊரே 'தலைவர்' என்று கூப்பிடும். அப்படிப்பட்டவரை, ஓய்வுபெற்ற மறுமாதமே மனைவி முயலுக்குப் புல்லறுக்க அனுப்பினாள் என்றால், வரலாற்றுக்குத்தான் இது அடுக்குமா?

மனைவி தையல்காரி. கொல்லையில் கூண்டு வைத்து ஒன்பது முயல் வளர்த்தாள். அவற்றில் சாம்பல் நிறத் தாய் முயல் அவளுக்கு உயிர். அது ஆறு குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

தண்டவாளத்தோரத் தரிசை ஆட்டுக்கார அம்மாளின் ஆடுகள் மொட்டையடித்திருந்தன. ஒரு சாக்கு நிரம்ப இரண்டு மணி நேரம் குனிய வேண்டும். முதலாளிக்கே குனியாத முதுகு அது.

ஒருநாள் அவர் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். புல்லெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்க, ஒரு செடிக்கூட்டம் மட்டும் இடுப்புயரத்துக்குத் தளதளவென்று நின்றது. வெள்ளைப் பூ, முள்முள்ளாய்க் காய், ஓர் இலையிலும் பல் படவில்லை. அடக்குமுறைக்குப் பணியாமல் நிற்கிறது பார் என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. கால்மணி நேரத்தில் சாக்கு நிரம்பியது. கூண்டருகே வைத்துவிட்டு வாசகசாலைக்கு நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை ஆட்டுக்கார அம்மாள் வழியில் மறித்தாள்.

"என்ன தலைவரே, ஊமத்தைய மூட்டையா அள்ளிட்டுப் போனீங்களாமே. ஏதாச்சும் வைத்தியமா?"

"முயலுக்குத்தாம்மா. நல்லா செழிப்பா நின்னுச்சு."

"ஏன் நின்னுச்சுன்னு யோசிச்சீங்களா? அது விஷம். என் ஆடு சுவரொட்டியக்கூடத் தின்னும், அதத் தொடாது."

தலைவர் ஓடினார். ஊர்வலத்தில் தடியடி நடந்தபோதுகூட அவர் அப்படி ஓடியதில்லை.

கூண்டில் தாய் முயல் ஒருக்களித்துக் கிடந்தது. கால்கள் நீட்டியிருந்தன. பக்கத்தில் மனைவி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேருந்து இப்படியே கிடக்குதுங்க. நேத்து என்ன தழை கொண்டுவந்தீங்க?"

போலீசாரிடம் கண்சிமிட்டாமல் பொய் சொன்னவர்தான். ஆனால் கூட்டுக்குள் கண் திறக்காத ஆறு குட்டிகளும் பாலுக்காக முண்டிக்கொண்டிருந்தன. அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நான் பாவி. என்ன வேணா செய்யுறேன், இது பொழைச்சாப் போதும்."

அவள் தையல் இயந்திர இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவர், படிக்காமல் போட்டார். அதில் எழுதியிருந்தது இதுதான்: தினமும் விடியலில் அவள் காட்டும் புல்லை அறுப்பது, கூண்டைக் கழுவுவது, அதன் பிறகே வாசகசாலை.

தாளை மடித்து வைத்துக்கொண்டு அவள் கூண்டை மெல்லத் தட்டினாள். முயல் எழுந்தது. சோம்பல் முறித்தது. குட்டிகளிடம் தாவிப் போனது.

"வயிறு நெறஞ்சா அது அப்படித்தாங்க தூங்கும். உங்க ஊமத்தைய நேத்தே புதைச்சிட்டேன். ஆட்டுக்கார அக்காகிட்டயும் நான்தான் சொல்லி வெச்சேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏமாத்தி வாங்கின கையெழுத்து செல்லாது."

"இதையேதான முப்பது வருஷமா முதலாளிகிட்டச் சொன்னீங்க. அவன் ஒத்துக்கிட்டானா?"

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாக்கு எங்க இருக்கு?" என்றார்.