ஐந்து வார நடை ஒரே மத்தியானத்தில்

முதுகுவலி வந்து போனவர்களில் இரண்டு வகை உண்டு. வலி போனதும் அதை மறந்துவிடுகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. வலி போனதும் அதில் பட்டம் வாங்கிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு முதுகுப் பண்டிதர் என்று பெயர் வைப்போம்.

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். கீழே விழுந்த பேனாவை எடுக்க நீங்கள் குனிந்தால், பேனா கைக்கு வருவதற்குள் அவர் குரல் வந்துவிடும். முதுகுவலி வகுப்புக்குப் போவதற்கு முன் என்றால், "ஐயோ, குனியாதீங்க!" வகுப்புக்குப் போய் வந்த பின் என்றால், "பயப்படாம குனிங்க, ஒண்ணும் ஆகாது!" எப்படியும் பேனாவை எடுக்கப்போவது நீங்கள்தான்.

எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர் அசல் பண்டிதர். ஒரே வருஷத்தில் இரண்டு முறை இடுப்பு பிடித்து, முறைக்கு மூன்று வாரம் படுத்தவர். இரண்டாம் முறை எழுந்து வந்தபோது முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவை படுத்தீங்கன்னா, உங்க இடத்துக்கு வேற ஆளைத்தான் போடணும்." கதவு மெல்லியது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாளே, வலி திரும்பி வராமலிருக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். அங்கே பிசியோதெரபி அம்மா சொன்னவை இரண்டே விஷயம். முதுகு எப்படி வேலை செய்கிறதென்று தெரிந்துகொள்ளுங்கள். தினமும் நடங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலாவதை நம்மவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதுகெலும்பு கண்ணாடிப் பாத்திரமில்லை, அசைந்தால் உடையாது என்பதை, மூட்டை தூக்கும் ஆட்களை நிற்கவைத்து, நாற்காலியை விட்டு அசையாமல், இரண்டு மணி நேரம் விளக்கினார். நடப்பதற்கென்று ஷூ வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் போனார்.

வீட்டில் என்ன நடந்ததென்று அவர் மனைவியே பிறகு சொன்னார்.

"இன்னிக்கு நடந்தீங்களா?"

"மழை வர்ற மாதிரி இருக்கே."

"வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல."

"உனக்குத் தெரியாதுடி. ஈரக்காத்து தசையை இறுக்கும்."

இப்படி ஐந்து வாரம். அறிவு வளர்ந்தது, நடந்த நாளைக் குறிக்க வகுப்பில் கொடுத்த அட்டவணை வெள்ளையாகவே இருந்தது. சனிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நடக்காமலே குறித்துக்கொண்டு போயிருக்கலாமே என்கிறீர்களா? சேச்சே, பண்டிதர் நாணயஸ்தர். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, ஐந்து வார நடையையும் ஒரே மத்தியானத்தில் நடந்து முடித்துவிடப் புறப்பட்டார்.

பூங்காவைப் பதினோரு முறை சுற்றினார். பன்னிரண்டாவது சுற்றில் இடுப்பு பிடித்தது. வேலிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றவரிடம், நாயோடு வந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"வெறும் தசைப்பிடிப்பு. பயப்பட ஒண்ணுமில்ல. அசைஞ்சா சரியாயிடும்."

"அப்ப அசைங்க."

"அதுதான் முடியல."

மனைவியும் மைத்துனரும் வந்து காரில் ஏற்றினார்கள். "அஞ்சு வாரச் சாப்பாட்டை ஒரே வேளையில திம்பீங்களா?" என்று மட்டும் கேட்டாராம் மனைவி.

திங்கட்கிழமை காலை, கிடங்குச் சாவியை வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் கட்டிலருகே நின்றபோது முதலாளியின் போன் வந்தது. பண்டிதர் படுத்தபடியே ஆரம்பித்தார்: "சார், உட்கார்ந்துகிட்டா பேசறீங்க? எழுந்து நடந்துகிட்டே பேசுங்க, முதுகுக்கு..."

"என் முதுகு நல்லாத்தான் இருக்கு. நீங்க இன்னிக்கு வர்றீங்களா, இல்லையா?"

ஐந்து வாரமாக எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். ஓர் அறிவுரைகூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைப் படிக்கும்போதே, "அட, இதை அவருக்கு அனுப்பணுமே" என்று உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். இந்தப் பண்டிதச் சீக்கின் முதல் அறிகுறி அதுதான். இருந்தாலும், தாராளமாகக் கொடுங்கள்.

நடந்துபோய்க் கொடுங்கள்.