எதிர்வீட்டுக்காரர் அழைத்துவந்த சித்தி

'கிளாஸ் கற்றவர்' என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். புரோகிராமிங் பயிற்சியில் கிளாஸ், ஆப்ஜெக்ட், ஃபீல்டு என்று மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு வந்து, அன்றிலிருந்து வழியில் போகிறவரை நிறுத்தி, வாசலில் நிற்கிறவரை உட்காரவைத்து, உட்கார்ந்தவரை எழுந்திருக்கவிடாமல் பாடம் எடுப்பவர்.

"குடைங்கிறது கிளாஸ். வெறும் வரைபடம்தான். அதைப் பிடிச்சுக்கிட்டு மழையில போக முடியுமா? உங்க கையில இருக்கு பாருங்க, அது ஆப்ஜெக்ட். நிறம், நீளம் எல்லாம் ஃபீல்டு. எல்லாக் குடைக்கும் அதே ஃபீல்டுதான், உள்ள இருக்கிற மதிப்புதான் வேற."

கேட்பவர் நனைந்துகொண்டிருப்பார். குடையை விரிக்க விட்டால்தானே!

எங்கள் எதிர்வீட்டுக்காரர் இந்த இனத்தில் அசல். ஒருநாள் அவர் மனைவியின் சித்தி ரயிலில் வந்தார்.

"கல்யாணத்துல ஒரு தடவை பார்த்ததுதானே, போட்டோ அனுப்பட்டுமா?" என்றார் மனைவி.

"எதுக்கு? ஃபீல்டைச் சொல்லு."

"குள்ளமா இருப்பாங்க. கண்ணாடி. பச்சைப் புடவை. பழுப்புப் பை."

"போதும்."

ரயிலடியில் நான்கும் பொருந்திய அம்மாள் ஒருவர் நின்றிருந்தார்.

"சித்தியா?"

"ஆமாப்பா."

அந்த வயதில் யார்தான் யாருக்காவது சித்தி இல்லை? பையை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏற்றினார். வழிநெடுகப் பாடம். சிறுவயதில் பார்த்த அக்கா மகன் பெரிய படிப்பு படித்துவிட்டான் போலிருக்கிறது என்று அந்த அம்மாளும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்த மனைவிக்கு 'வாங்க' என்ற சொல் பாதியில் நின்றது.

"யாருங்க இவங்க?"

"உன் சித்தி."

"என் சித்தி ஸ்டேஷன்லேருந்து இப்பத்தான் போன்ல உங்களைத் திட்டினாங்க!"

"அப்ப நீ என் அக்கா பையன் இல்லையா?" என்று அந்த அம்மாள் அவர் கையிலிருந்த தன் பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"எல்லா ஃபீல்டும் சரியா இருந்துதே!"

"இருக்கும். ஒரே மாதிரி ரெண்டு பேர் இருக்கக் கூடாதா? அதுக்காக ரெண்டு பேரும் ஒரே ஆளாயிடுவாங்களா?" என்றார் மனைவி.

பயிற்சியில் இந்தப் பாடம் நடந்தபோது மனிதர் வெளியே வாட்ச்மேனுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி டாக்ஸி, மறுபடி ரயிலடி. அங்கே நிஜ அக்கா மகன், நிஜச் சித்தியிடம் "உங்க அக்கா பையன் நான்தான், தெரியலையா?" என்று மன்றாடிக்கொண்டிருந்தான். இரண்டு பச்சைப் புடவைகளும் ஒன்றையொன்று பார்த்தன. உடனே சிநேகம் பிறந்தது. இருவரும் சேர்ந்து எதிர்வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். புறப்படும்போது நிஜச் சித்தி டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பின்னாடி உக்காராதீங்க, பாடம் எடுப்பாருன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால், 'பெயர்' என்று இன்னொரு ஃபீல்டு வைத்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று படிக்கும்போது உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியதா? பெயரும் ஒன்றாகவே இரண்டு சித்திகள் இருக்கக் கூடாதா? இனி உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அழைத்துவர வேறு யாரையாவது அனுப்புங்கள்.