வலது கட்டைவிரல் வேலைக்குத் திரும்பிய விவரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை, என் வலது கட்டைவிரல் ஆகிய மூவரும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். "இனி அந்த விரல்ல ரேகை வராது, வேற வேலை பாருங்க" என்று போனில் துக்கம் விசாரித்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள்.

அன்று பேக்கரியில் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை எடுக்கும்போது, காய்ந்த துணி என்று நினைத்து ஈரத்துணியால் பிடித்துவிட்டேன், விரல் வெந்து கொப்பளித்துவிட்டது, நீங்கள் சொன்னீர்கள் என்று உங்கள் தங்கை அதன்மேல் பற்பசையை அப்பினாள், டாக்டரம்மா அதைக் கழுவிக்கொண்டே "யார் குடுத்த யோசனை இது?" என்று கேட்டார், நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை, உறவை மட்டும் சொன்னேன். மறுநாள் சாப்பாட்டு டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய், கட்டை அவிழ்த்து விரலை வருகைப்பதிவு மிஷினில் வைத்தால் 'மீண்டும் முயலவும்' என்கிறது. மேனேஜரிடம் ஓடினேன்.

"நீங்க இன்னிக்கு வரலைன்னு காட்டுதே."

"சார், உங்க எதிர்லதானே நிக்கிறேன்?"

"அது எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியலையே."

"வேற விரலைப் பதிஞ்சுக்குங்க சார்."

"பதியலாம். முதல்ல பழைய விரலை வைங்க."

இருபத்தொரு நாள் தொடர்ந்து வராதவன் பெயர் தானாகவே நீங்கிவிடுமாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் மட்டம் போடாதவன் மச்சான் நான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மாதான் தைரியம் சொன்னார். தோலின் அடித்தட்டில் ஸ்டெம் செல் என்று இருக்கிறதாம். அது ஒன்று இரண்டாகுமாம், ஒன்று அங்கேயே தங்கி மறுபடியும் பெருகுமாம், இன்னொன்று புதுத் தோலாகி மேலே ஏறுமாம். காயம் பட்டால் ஓரத்தில் இருப்பதும் வேர்வைக் குழாயில் இருப்பதும் சேர்ந்து வந்து இடத்தை மூடுமாம். ரேகையின் அச்சு ஆழத்தில் இருக்கிறதாம், அது வேகாவிட்டால் அதே ரேகை வருமாம். "ஆழமா வெந்திருந்தா?" என்றேன். "அப்ப தழும்புதான்" என்றார். அதற்கப்புறம் எனக்கு எங்கே தூக்கம்? மணிக்கொரு தரம் கட்டைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க மேஸ்திரிதானே? இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தா எவனாவது வேலை செய்வானா?"

"எங்க பேக்கரியில அப்படித்தாம்மா செய்றாங்க."

ஆனாலும் விட்டுவிட்டேன். மேஸ்திரி கிடையாது, வருகைப்பதிவு கிடையாது, வேலை மட்டும் உள்ளே நடந்துகிட்டே இருந்தது. இருபதாம் நாள் பார்த்தா ரோஸ் கலர்ல புதுத்தோல், அதுல பழைய சுழி! வலி போன இடம் தெரியலை. டப்பாவைப் பழையபடி வலது கையில வீசிக்கிட்டுப் போனேன், கண்ணை இறுக மூடிக்கிட்டு விரலை வைத்தேன், மிஷின் 'நன்றி' என்றது. வரிசையில நின்னவங்க எதிர்ல அழுதுட்டேன் மச்சான். வெட்கமில்லை, அவ்வளவு நிம்மதி.

ஆகவே நீங்கள் பார்த்து வைத்த வாட்ச்மேன் வேலை வேண்டாம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, பற்பசையைப் பல்லுக்கு மட்டும் பயன்படுத்தி, நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உங்கள் மச்சான்

பி.கு.: இன்று காலை டப்பாவை மறந்து வெறுங்கையோடு போய், ஆறிய வலது விரலைப் பெருமையாக வைத்தேன். 'மீண்டும் முயலவும்' என்றது. திரும்பத் திரும்ப வைத்தேன், அதையேதான் சொன்னது. அதற்குள் உங்கள் தங்கை பின்னாலேயே ஓடிவந்து டப்பாவை என் வலது கையில் திணித்தாள். இடது கட்டைவிரல் தானாகவே மிஷினுக்குப் போனது. 'நன்றி' என்றது. இத்தனை வருஷமும், அன்று கண்ணை மூடிக்கொண்டும், அந்த விரலைத்தான் வைத்திருக்கிறேன். மேனேஜருக்குத் தெரிய வேண்டாம். அந்த ஸ்டெம் செல்களுக்கும் தெரிய வேண்டாம், பாவம், ராப்பகலா உழைச்சிருக்காங்க.