சிவப்புப் பென்சில் நாகநாதன்

மனிதர்களைப் பேசுகிறவர்கள், கேட்கிறவர்கள் என்று இரண்டாகப் பிரித்த மகானுபாவர் எங்கள் காரைக்குடிப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. வந்திருந்தால் மூன்றாவதாக ஓர் இனத்தைப் பார்த்திருப்பார்: இங்கிலீசு திருத்துகிறவர்கள். இவர் பேசவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். நீங்கள் வாயைத் திறந்தவுடன் எங்கே ஓட்டை என்று பார்ப்பார். உங்கள் வீடு தீப்பற்றி எரிகிறது என்பதுதான் நீங்கள் சொல்லவந்த செய்தி என்றாலும், அதைச் சரியான இங்கிலீசில் சொல்லவைத்துவிட்டுத்தான் வாளியைத் தேடப் போவார்.

எங்கள் ஊரில் இந்த இனத்துக்குத் தலைவர் நாகநாதன். மோட்டார் சாமான் கடையில் மானேஜர். கடைக்கு வருகிற கேட்லாக் எல்லாம் இங்கிலீசில் இருக்கும், அதைப் படித்துப் படித்தே அவருக்கு ஞானம் பிறந்தது என்று பேச்சு. வலது காதுக்கு மேல் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் முந்தின நாள் இங்கிலீசுப் பேப்பரை விரித்து, தலையங்கத்தில் நாலு இடத்தில் சுழித்து, "பேப்பர்காரனுக்கே இங்கிலீசு வரலையேப்பா!" என்று ஒரு பெருமூச்சு விட்டால்தான் அவருக்கு டீ உள்ளே இறங்கும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யார், பெண் யார், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று எதையும் பார்க்கமாட்டார். இங்கிலீசில் அச்சடித்த பக்கத்தைச் சிவப்பாக்கித் திருப்பிக் கொடுப்பார். திருத்தியதை எடுத்துக்கொண்டு மறுபடி அச்சாபீசுக்கு ஓடிய பெண்ணின் தகப்பனார்களும் உண்டு. சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், எங்கள் தெருப் பெத்தனுக்குப் பட்டாளத்திலிருந்த மகனிடமிருந்து தந்தி வந்துவிட்டது. குடும்பமே அழத் தயாராகச் சுற்றி நிற்கிறது. இவர் வாசித்தார். பென்சிலை எடுத்தார். இரண்டு வார்த்தையை அடித்தார்.

"அய்யா, புள்ள உசிரோட இருக்கானா? அதச் சொல்லுங்கய்யா!"

"லீவுல வாரானாம். ஆனா எழுதுன விதம் சரியில்ல."

சரி, இவர் இங்கிலீசு பேசி யாராவது கேட்டதுண்டா? உண்டு. இங்கிலீசு தெரியாதவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் எதிரே வந்தால்தான் கதை மாறும். ஒரு முறை பம்பாயிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் கடைக்கு வந்து இங்கிலீசில் ஏதோ கேட்டார். நாகநாதனுக்கு அன்றைக்குப் பார்த்துத் தமிழ்ப்பற்று பொங்கிவிட்டது. "தமிழ்நாட்டுக்கு வந்தா தமிழ்ல கேக்கட்டும்!" என்று வேட்டியை இறுக்கிக்கொண்டு சாமான் அறைக்குள் போனவர், அந்த ஆள் பஸ் ஏறிய பிறகுதான் வெளியே வந்தார். மறுநாள் காலை டீக்கடையில், "அவன் இங்கிலீசு சுத்த மோசம்" என்று தீர்ப்பும் சொன்னார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பென்சில் ஒரு நாள் சுபைதாவின் பிழைப்பிலும் கை வைத்தது. எனக்கு அதில் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சுபைதா என் அடுத்த வீட்டுப் பெண். அத்தா மீரான் சாகிபு பினாங்கில் ஓட்டல் வேலையில் இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய சுபைதா, ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த நூல் மில்லுக்கு டெலிபோன் போர்டில் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் தானே விண்ணப்பம் எழுதிப் போட்டாள். நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பினாங்கிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. வேலை கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் நோன்புப் பெருநாள் கழிந்ததும் சாக்கோட்டை மாப்பிள்ளைக்கு நிக்காஹ் என்று அத்தா முடிவாக எழுதியிருந்தார். சுபைதா அந்த மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை. தபாலாபீசில் டெலிபோன் போர்டைப் பார்த்திருந்தாள், பிடித்திருந்தது.

தாயார் அஜீஸாவுக்கு மகள் பக்கம்தான் மனசு. அந்த மனசு சும்மா இருந்திருக்கலாம். நேரே நாகநாதனிடம் போய், "அண்ணே, புள்ளைக்கு நாலு வார்த்த இங்கிலீசு சொல்லிக்குடுங்கண்ணே" என்று கேட்டுவிட்டார்.

பதினைந்து நாள் பாடம் நடந்தது. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். இங்கிலீசு பேசுமுன் தொண்டையைச் செருமவேண்டும், அதுதான் உள்ளே இருக்கிற இங்கிலீசுக்குக் கதவைத் திறந்துவிடுவது. பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 'அஸ் எ மேட்டர் ஆஃப் ஃபாக்ட்' என்றுதான் ஆரம்பிக்கவேண்டும், அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பாதி பயந்துவிடுவான். தினம் பத்து வார்த்தையை நெட்டுருப்போட்டு, கண்ணாடி முன்னால் நின்று நெற்றியைச் சுருக்காமல் சொல்லவேண்டும். யார் எதைக் கேட்டாலும் தமிழில் பதில் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில் நினைக்கவே கூடாது.

"எல்லாத்தையும் இங்கிலீசுலயே நெனைக்கணும், தெரிஞ்சுதா?"

"பயமா இருந்தா, மாமா?"

"பயத்தையும் இங்கிலீசுலதான் படணும்."

நேர்முகத்துக்கு முதல் நாள், "எங்க, அந்த லெட்டரக் காட்டு பாப்போம்" என்றார். அவள் கொடுத்தாள். இவர் கை காதுக்குப் போனது.

"மாமா, வேணாம் மாமா! அது மில்லுக்காரக அனுப்புனது. நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டணும்."

"யார் அனுப்புனா என்ன? தப்பு தப்புதானே?"

பதினோரு இடத்தில் சுழித்தார். ஓரத்தில், இன்னும் கவனம் தேவை என்று இங்கிலீசில் ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாக மடித்துக் கொடுத்தார். உலகத்தில் வேலைக்குப் போகிறவர்கள் கடிதத்தைப் பத்திரமாகத்தான் வைத்துக்கொள்வார்கள். வேலை கொடுக்கிறவனுக்கே மார்க் போட்டு அனுப்பிய ஊர் எங்களுடையது! அவர் போனதும் சுபைதா ரப்பரை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். கடிதம் ரோஸ் நிறமானதுதான் மிச்சம்.

மறுநாள் தாயும் மகளும் மில்லுக்குப் போனார்கள். ஆம்பளைத் துணை வேண்டாமா என்று நாகநாதனும் கூடவே போனார். மில் மானேஜர் கோயமுத்தூர்க்காரர். கடிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். அதன் வாசகத்தை எழுதித் தாமே டைப் அடித்தவர் அவர்தான்.

"இது யார் வேலை?"

வராந்தாவில் நின்ற நாகநாதனை உள்ளே கூப்பிட்டார்கள். மானேஜர் அவரைப் பார்த்து இங்கிலீசில் நீளமாக ஒன்று கேட்டார். நாகநாதன் தொண்டையைச் செருமினார். இன்னொரு தரம் செருமினார். கதவு திறந்தது, உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

"அய்யா, நம்ம தமிழ்லயே பேசிக்கலாமே. ஆயிரம் இருந்தாலும் தாய்மொழி."

"ஏனுங்க, இதைத் திருத்தினது நீங்கதானுங்களா?"

"நானா? புள்ள ஏதோ வெளையாட்டா..." என்றபடியே காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். அஜீஸா இதை என்னிடம் சொன்னபோது எனக்கு அந்தப் பென்சிலை இரண்டாக முறிக்கவேண்டும் போலிருந்தது. அடப்பாவி மனுஷா, பதினைந்து நாள் மாமா மாமா என்று சுற்றி வந்த பெண்ணாயிற்றே!

சுபைதாவுக்கு நெட்டுருப்போட்ட வார்த்தையெல்லாம் மறந்தது, கண்ணாடியும் மறந்தது. பயத்தைத் தமிழிலேயே பட்டாள். பேசியதும் தமிழிலேயே.

"நான் திருத்தல சார். இவுகதான் திருத்துனாக. வேணாம்னு சொன்னேன், கையப் பிடிச்சுத் தடுக்கத் தைரியம் வரல. ரப்பர் போட்டும் போகல. ஆனா லெட்டர்ல இருந்தது பூராம் எனக்கு மனப்பாடம் சார். புதன்கெழம, பத்து மணி, ரெண்டாம் நம்பர் கேட்டு, சர்டிபிகேட்டு கொண்டாரணும். படிச்சேன், புரிஞ்சுச்சு, வந்துட்டேன். அதுல தப்பு எங்க இருக்கு?"

மானேஜர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு நாலு வரி இங்கிலீசில் ஒரு செய்தியைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். பம்பாயிலிருந்து பருத்தி எத்தனை பொதி, எந்த ரயிலில், என்றைக்கு வருகிறது என்ற செய்தி. அவள் செருமாமல், மேட்டர் ஆஃப் ஃபாக்ட் இல்லாமல், தனக்கு வந்த இங்கிலீசில் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பம்பாய்க்காரர் ஒரு விதமாப் பேசுவாரு, மெட்ராசுக்காரர் ஒரு விதமாப் பேசுவாரு. அவங்களைத் திருத்த எனக்கு ஆள் வேண்டாம். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் வேணும். நீ போயிட்டு வாம்மா" என்றார் மானேஜர்.

நாகநாதன் துவண்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. மறுநாள் காலை டீக்கடையில், "என் திருத்தத்தப் பாத்து மானேஜரு ஆடிப்போய்ட்டாருப்பா!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். பத்து நாளில் சுபைதாவுக்கு வேலை உத்தரவு தபாலில் வந்தது. பின்னாலேயே நாகநாதனும் வந்துவிட்டார்.

"எங்க தங்கச்சி, அந்த ஆர்டரக் கொண்டாங்க, ஒரு பார்வை பாத்துருவோம்." கை காதுக்குப் போய்விட்டது.

அஜீஸா உத்தரவை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, முகம் மாறாமல் சொன்னார்: "அது தமிழ்ல வந்துருக்குண்ணே. நீங்க சிரமப்படாதீக."

"தமிழ்லயா? மில்லுலருந்தா?"

"ஆமாண்ணே. ஆயிரம் இருந்தாலும் தாய்மொழியில்ல!"

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா, நிக்காஹ்தானா என்று நான் பதறிப் பதறிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, நீங்கள் நடுவில் ஏதாவது ஒரு வார்த்தையில் நின்று, "இது இப்படியா வரும்?" என்று உச்சுக்கொட்டினீர்களா?

அப்படியானால் தயவுசெய்து வலது காதுக்கு மேல் ஒரு தரம் தடவிப் பாருங்கள்.