ஒரே அடுப்பு, இரண்டு சம்பளம்

பாலரட்,
வியாழக்கிழமை

அன்புள்ள க்ளைவ் அண்ணனுக்கு,

தங்கை கெய்லீன் எழுதிக்கொள்வது. பெர்த்தில் நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரர் ராஸும் சுகம்; ஆனால் சில நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் சுகம்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில், "படிச்சவனுக்கு அதிகம், படிக்காதவனுக்குக் கம்மி, அவ்வளவுதான் விஷயம்" என்று பன்றிக்கறியை வெட்டிக்கொண்டே நீ சொன்னாய். அதை நம்பி மாலை வகுப்புக்குப் போய் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டச் சான்றிதழ் வாங்கினேன். பிஸ்கட் ஆலையில் இப்போது ராஸ் ஓட்டும் அதே வண்டியைத்தான் நானும் ஓட்டுகிறேன். ஆனாலும் என் சம்பளம் அவர் சம்பளத்தில் முக்கால்தான். ஏனென்றால் அவர் ஆலையின் ஆள், நான் ஏஜென்சி அனுப்பிய ஆள். தொழிற்சங்கம் வலுவாக இருந்தபோது அவர் சேர்ந்தார். அது ஓய்ந்த பிறகு நான் சேர்ந்தேன். மற்றபடி எங்களுக்குள் வித்தியாசம், அவர் ஒருமுறை வண்டியைக் கிரீம் தொட்டியில் மோதியிருக்கிறார், நான் இன்னும் மோதவில்லை.

மேலாளர் லின்டனிடம் கேட்டேன். சம்பளத்தைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்றார். அந்தச் சந்தை எந்தக் கிழமை கூடும், நானும் வருகிறேன் என்றேன். ஏஜென்சியைக் கேட்கச் சொன்னார். ஏஜென்சி ஆலையைக் கேட்கச் சொன்னது. இதற்கு நடுவில் தலைமை அதிகாரிக்கு மட்டும் சம்பளத்தை உயர்த்தினார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயமாம். நாங்கள் போய்விடுவோம் என்று யாருக்கும் பயமில்லை. அந்தப் பயத்தை உண்டாக்குவதென்று முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை ஏஜென்சிப் பெண்கள் எல்லோரும் ஆலை வாசலில் உட்காரப்போகிறோம்.

ராஸுக்கு நடுக்கம். "நீ வாசல்ல உக்காந்துட்டா நான் எப்படி உள்ள போறது, கெய்லீன்?" என்றார்.

"என்னைத் தாண்டித்தான் போகணும்," என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டுக்கடன் இருக்கே, வேலை போனா என்ன பண்ணுவேன்னு நீயும் கேப்ப. போனா போகட்டும் அண்ணா. சும்மா இருந்து என்னத்தக் கண்டோம்? புத்தி சொல்ல போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. உன் மூட்டுவலி சீக்கிரம் குறையட்டும்.

பின்வாங்காத தங்கை,
கெய்லீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் லின்டன் போனில் கூப்பிட்டார். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் கொடுப்பது தவறுதான் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டதாம். இனி எல்லோருக்கும் ஒரே சம்பளம்: என்னுடையது. ராஸையும் ஏஜென்சிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இப்போது கொட்டகையிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலிகளை எடுத்துத் தூசி தட்டுகிறார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு உக்காரணும்?" என்று கேட்கிறார்.